நக்கசெண்டோவில் எடுத்த படம்

ஒஸ்லோ நகரின் ஸ்டோவ்னரில் எங்கள் மாடிக் குடியிருப்புக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். அதன் ஓரத்தில் அத்தனை வருடங்கள் குடியிருந்தும் நான் உள்ளே போனதில்லை. சீனி வருத்தத்துக்கு நடந்தே ஆகவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் தலைமைத் தாதியிடம் போய், "உங்கள் நடைக் குழுவில் நானும் சேரலாமா?" என்று கேட்டேன். அவர் ஒரு நோர்வேஜியப் பெண்மணி. என்னைவிடச் சில வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்துப் பன்னிரண்டு பேரைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவார். அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள்.

ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்தாலும் வாய் திறக்காத நோர்வேஜியர்கள் காட்டுக்குள் வந்ததும் கலகலவென்று கதைப்பார்கள். நான் மட்டும் கதைக்கமாட்டேன். எனக்கு அவர்களுடைய மொழி தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது வேலைத்தளத்து மொழி. எங்கே நோகிறது, சாப்பிட்டீர்களா, இந்த மாத்திரையை விழுங்குங்கள், மெல்ல இந்தப் பக்கம் திரும்புங்கள். பகிடி விடுவதற்கு அது போதாது. அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி. குழுவில் என்னை 'அமைதியானவர்' என்று அன்பாகச் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறை ஒன்றில் இருந்து எல்லோரும் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தலைமைத் தாதி முதுகுப்பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். யப்பான். இலையுதிர் காலத்தில் குழுவாகப் போய் ஒரு பழைய பெருஞ்சாலையில் நடக்கலாம் என்றார். அதன் பெயர் நக்கசெண்டோ, மலைகளுக்கு நடுவே போகும் பாதை என்று பொருளாம்.

எடோ என்ற பெயரோடு இருந்த இன்றைய தோக்கியோவையும் பேரரசர் வாழ்ந்த கியோத்தோவையும் அந்தக் காலத்தில் இரண்டு பெரிய சாலைகள் இணைத்தன. ஒன்று கடற்கரையோரம் போனது. மற்றது மலைகளுக்குள்ளால் போனது. மலைப் பாதையில் அறுபத்தொன்பது தங்குமிட ஊர்கள் இருந்தன. கடற்கரைப் பாதையில் பல ஆறுகளுக்குப் பாலம் இல்லை. ஆண்களின் தோளில் ஏறித்தான் கடக்கவேண்டும். அதனால் பெண்கள் தூரமென்றாலும் மலைப் பாதையை விரும்பினார்கள். எடோவுக்கு மணமகளாகப் போன அரசகுலப் பெண்களின் ஊர்வலங்கள்கூட அதால்தான் போயின. பிறகு ரயில் வந்தது. பாதையின் பெரும்பகுதி தாருக்கும் தண்டவாளத்துக்கும் அடியில் போய்விட்டது. கிசோ பள்ளத்தாக்கில் மட்டும் சில துண்டுகள் கல் பாவியபடி அப்படியே இருக்கின்றன. ரயில் தொடாத ஊர்கள் வருமானமில்லாமல் சுருங்கிப்போக, பழைய வீடுகளை இடித்துப் புதிதாய்க் கட்ட யாரிடமும் வசதி இருக்கவில்லை. பின்னர் ஓர் ஊர்ச்சனம் கூடி, இந்த வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, உடைப்பதில்லை என்று முடிவெடுத்ததாம்.

இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டபோது எனக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார்.

"பாதை பாக்க யப்பானுக்கோ?" என்றார். "நான் நாள் முழுக்கப் பாதையைத்தானே பாக்கிறன். நீர் போய்ட்டு வாரும்."

மகள் இங்கே பிறந்தவள். நகரத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. அவளுக்கு என் ஆசை பெரிய ஆச்சரியம். "அம்மா, நீங்கள் கட்டாயம் போகவேணும். நானும் லீவு எடுத்திட்டு வாறன்" என்றாள். அம்மாவுக்கு வேலையும் சமையலும் கோயிலும் தவிர வேறொன்றும் இல்லையே என்று அவள் பல நாள் கவலைப்பட்டவள்.

மகோமே என்ற ஊரிலிருந்து ஏறத் தொடங்கினோம். இருபுறமும் நெடுத்து நின்ற மரங்கள். காலுக்கடியில் பாசி பிடித்த கல். வழியில் அங்கங்கே சிறு மணிகள் தொங்கின. கரடி வராமல் இருக்க அவற்றை அடித்துவிட்டுப் போகவேண்டும். மகள் ஒவ்வொரு மணியையும் பலமாக அடித்தாள். குழுவில் ஒரு ஓய்வு பெற்ற தச்சர் இருந்தார். வீடுகளின் மரப் பொருத்துகளைத் தடவிப் பார்த்து, ஆணியே இல்லை, ஆணியே இல்லை என்று வியந்துகொண்டு வந்தார். எனக்கு முழங்கால் நோகவில்லை. மூச்சு வாங்கவில்லை. அந்த முதல் நாட்களைப்போல வயது வந்த பிறகு நான் சந்தோசமாக இருந்ததில்லை.

கிசோ-புகுஷிமா என்ற ஊரில் பள்ளத்தாக்கு ஒடுங்கிவிடுகிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலை. நடுவால் போகிறவர்கள் வேறெங்கும் விலக முடியாது. பழைய ஆட்சி அந்த இடத்தில் ஒரு சோதனைச் சாவடி வைத்திருந்தது. இப்போது அதைப் பழையபடியே திருப்பிக் கட்டிக் காட்சிக்கு விட்டிருக்கிறார்கள். கருமையான மரக் கதவு, வேலி, அதிகாரிகள் இருந்த மேடை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் ஒரு யப்பானிய இளம்பெண். விளையாட்டுக் குணம். எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்து அவள் விளக்கினாள். இந்தச் சாவடியில் முக்கியமாக இரண்டைத் தேடினார்கள். எடோவுக்குள் போகும் துப்பாக்கி, எடோவிலிருந்து வெளியேறும் பெண். பிரபுக்களின் மனைவிமாரைத் தலைநகரில் பிணையாக வைத்திருந்தார்கள். ஒருத்தி களவாக ஊருக்குப் போகிறாள் என்றால் அவளுடைய கணவன் கலகத்துக்கு ஆயத்தமாகிறான் என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு பெண்ணும் அனுமதிச்சீட்டுக் கொண்டுவரவேண்டும். அதில் அவள் யார், எங்கே போகிறாள், தலைமுடி எப்படி இருக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கும். அதைச் சரிபார்க்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். அவள் கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு சொல் பிழைத்தாலும் வந்த வழியே திரும்பவேண்டும்.

"இப்போது நான்தான் அதிகாரி" என்றாள் வழிகாட்டிப் பெண். "ஒவ்வொருவராக வாருங்கள். அனுமதிச்சீட்டு!"

தச்சர் தன் ஊன்றுகோலைத் துப்பாக்கிபோலத் தோளில் வைத்துக்கொண்டு போனார். பிடிபட்டார். எல்லோரும் சிரித்தார்கள். தலைமைத் தாதி ஒஸ்லோ பஸ் அட்டையைக் காட்டினார். மகள் தொலைபேசியை நீட்டினாள். பிறகு என் முறை.

அந்தப் பெண் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், விரலால் நிலத்தைக் காட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதா, என் உடம்பு செய்தது என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. பையை இறக்கி வைத்தேன். குந்தியிருந்து அதிலிருந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து நிலத்தில் வரிசையாக அடுக்கினேன். தண்ணீர்ப் போத்தல், மாத்திரைப் பெட்டி, துவாய், மாற்று உள்ளாடை, சீப்பு. வெறும் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிக் காட்டினேன். பாதணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தேன். எழும்பி, கொண்டை ஊசியை உருவி, தலைமயிரை அவிழ்த்துவிட்டேன். இடுப்புப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துப் படம் உள்ள பக்கத்தைத் திறந்து பிடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து உயர்த்தி, கண்களைத் தாழ்த்தி நின்றேன். பிறகு, யாரும் சொல்லாமலே, மெல்லத் திரும்பி முதுகைக் காட்டினேன்.

சிரிப்பொலி கேட்டபோதுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. குழு முழுவதும் கைதட்டியது. தச்சர் விசிலடித்தார். "நீங்கள் ஒரு நடிகை! இத்தனை காலம் எங்களிடம் மறைத்துவிட்டீர்களே!" என்று தலைமைத் தாதி என்னைக் கட்டிப்பிடித்தார். வழிகாட்டிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மகள் தொலைபேசியை எனக்கு நேரே பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

நானும் சிரித்தேன். இந்தத் தடவை பிந்தாமல் சிரித்தேன். "பள்ளிக்கூடத்தில் நாடகம் நடித்திருக்கிறேன்" என்றும் சொன்னேன். நான் எந்த நாடகத்திலும் நடித்ததில்லை. நிலத்தில் கிடந்த உள்ளாடையை முதலில் எடுத்துப் பைக்குள் திணித்தேன். அதையும் யாரோ நடிப்பென்று நினைத்திருப்பார்கள்.

அன்று பின்னேரம் விடுதியில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பருத்தி அங்கிகள் தந்தார்கள். தாழ்ந்த மேசையைச் சுற்றி நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். எனக்குப் பக்கத்தில் இருப்பதற்குப் போட்டி. என்னிடம் கேள்வி கேட்டார்கள், நான் சொன்ன சின்னப் பகிடிக்கெல்லாம் சிரித்தார்கள். சாப்பாடு முடியும் நேரம் தச்சர், "இன்னொரு தடவை! பின்னால் நின்றதால் இரண்டு பேர் சரியாகப் பார்க்கவில்லையாம்" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

நான் எழும்பினேன். மறுபடியும் செய்து காட்டினேன். கொண்டையை அவிழ்த்தேன், கைகளை உயர்த்தினேன், திரும்பி நின்றேன். இந்தத் தடவை நடிப்பேதான். எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று தெரிந்து, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். பகலில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லலாம். விடுதியில் செய்ததற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. இதை எழுதும்போது காது சூடாகிறது.

மேசையிலிருந்து எழும்பமுன் தொலைபேசி அடித்தது. கணவர். மகள் வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். ஒஸ்லோவில் அப்போது மதியம். அவர் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார்.

"இஞ்சேரும், சாப்பிட்டனீரோ?"

"ஓம், சாப்பிட்டாச்சு."

"சுகமா இருக்கிறீரோ?"

"ஓம். ஏன் கேக்கிறீங்க?"

"இல்லை, சும்மா. மகள் அனுப்பின வீடியோ பாத்தனான்."

"அது பகிடிக்கு."

"ஓம்" என்றார். "ஓம், பகிடிதானே. சரி, கவனம்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. எல்லோரும் சிரிக்கும்போது இந்த மனிசனுக்கு மட்டும் என்ன?

மிச்ச நாட்களில் பாதை இன்னும் அழகாக இருந்தது. ஒரு கணவாயைத் தாண்டி, நராய் என்ற ஊருக்கு இறங்கினோம். நீண்ட ஒரே தெரு, இரண்டு பக்கமும் கருத்த மர வீடுகள். எல்லோரும் என்னை 'நடிகை' என்று கூப்பிட்டார்கள். நான் முன்னால் நடந்தேன். கணவாயில் கொஞ்ச நேரம் தனியே நடக்க நேர்ந்தபோது மட்டும், இந்தக் கற்களை மிதித்துப்போன பெண்களை நினைத்தேன். அந்தச் சாவடியில் கொண்டையை அவிழ்த்து நின்ற ஒருத்தியும் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் அதைத் திருப்பிக் கட்ட முடிகிறது, வாசலில் நின்று விளையாட முடிகிறது. நினைத்துவிட்டு வேகமாக நடந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

ஒஸ்லோ திரும்பி, பனி விழத் தொடங்கிய நேரம், எங்கள் குழு ஸ்டோவ்னர் கடைத் தொகுதிக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தது. பழைய பாதையைப் பற்றித் தலைமைத் தாதி பேசுவார், படங்கள் காட்டுவார், கோப்பியும் வாஃபலும் இருக்கும். மகள் எங்கள் தமிழ்ப் பெண்களின் வட்ஸ்அப் குழுவிலும் அதைப் போட்டுவிட்டாள். "எங்கட ஆன்ரிமாரும் நடக்க வெளிக்கிட வேணும், அம்மா. உங்களைப் பாத்தா வருவினம்" என்றாள்.

வந்தார்கள். பின்வரிசைகள் இரண்டை எங்கள் பெண்கள் நிரப்பினார்கள். சிலரை எனக்குக் கோயிலில் முகம் தெரியும், சிலரைத் தெரியாது. கணவருக்கு அன்று மாலை வேலை.

மகள்தான் கணினிக்குப் பக்கத்தில் இருந்து படங்களை மாற்றினாள். கல் பாவிய பாதை வந்தது. கரடி மணி வந்தது. தலைமைத் தாதி அழகாகப் பேசினார். பின்வரிசையிலும் தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு சாவடி வந்தது, அதன் பின்னால் நான் வந்தேன்.

சுவர் நிறைய நான். விரிந்த கைகள், அவிழ்ந்த தலை, ஒரு கையில் திறந்த கடவுச்சீட்டு, காலடியில் வரிசையாக என் சாமான்கள், தாழ்ந்த கண்கள். இவ்வளவு பெரிதாக அதை நானே அதுவரை பார்க்கவில்லை. அந்த முகத்தில் நடிப்பு எதுவும் இல்லை. குருடருக்கும் அது தெரிந்திருக்கும் என்று எனக்குப் பட்டது.

முன்வரிசைகள் சிரித்தன. பின்வரிசைகளில் ஒரு சத்தமும் இல்லை. கதிரை ஒன்று கிறீச்சிட்டது. யாரோ தணிந்த குரலில், "ஐயோ, முருகா" என்றார்.

"எங்கள் நடிகை இங்கேயே இருக்கிறார்!" என்றார் தலைமைத் தாதி. "வாருங்கள், வந்து காட்டுங்கள்."

கைதட்டல். நான் எழும்பி முன்னால் போனேன். ஏன் போனேன்? கூப்பிட்டார்கள், போனேன். திரும்பிப் பார்த்தபோது என் கண் நேரே பின்வரிசைக்குத்தான் போனது. அங்கே அறுபது வயதிருக்கும் ஒரு பெண், குளிர் மேலங்கியைக் கழற்றாமலே இருந்தாள். அவளுடைய வலது கை தலைக்குப் பின்னால் போய்த் தன் கொண்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்காது.

"இன்றைக்கு முடியாது" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். வந்து என் கதிரையில் இருந்துவிட்டேன். முன்வரிசை அதற்கும் கொஞ்சம் சிரித்தது. தலைமைத் தாதி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, மகளுக்குக் கை காட்டினார். அடுத்த படம் நராய்த் தெரு.

கோப்பி நேரத்தில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். பெயர் கேட்கவில்லை. சுகம் கேட்கவில்லை.

"எந்தச் சென்றி, தங்கச்சி?" என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் யுத்த காலத்து இராணுவக் காவல் நிலைகளை அப்படித்தான் சொல்வோம். நான் இடத்தைச் சொன்னேன். மட்டக்களப்புக்குப் போகும் பாதையில், பாலத்துக்கு இந்தப் பக்கம்.

"தெரியும். கிழமைக்கு ஒருக்காவெண்டாலும் அதால போன நான்" என்றாள். "படத்தில நீங்க சாமான அடுக்கின விதத்தப் பாத்த உடன விளங்கிற்று. அப்பிடித்தானே வரிசையா வைக்கச் சொல்லுவாளுகள்."

"ஓம்."

"வெள்ளைக்காரருக்கு என்ன தெரியும், அவங்க சிரிக்கட்டும். ஆனா எங்கட சனத்துக்கு முன்னால அந்தப் படத்தப் போட விட்டிருக்கப்படாது. நீங்க விட்டிருக்கப்படாது."

கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அது இன்னும் மோசம். "தெரியாமப் போச்சு, அக்கா" என்றேன். அது உண்மையில்லை. அந்தப் படம் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் கைதட்டுவார்கள் என்றும் தெரியும். பின்வரிசையில் யார் இருப்பார்கள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

மகள் பக்கத்தில் கோப்பிக் கோப்பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டாள். "அம்மா, சென்றி எண்டா என்ன?"

நான் சொன்னேன். பஸ் நிற்கும், எல்லோரும் இறங்கி வரிசையாக நடக்கவேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் சாக்குத் தடுப்புக்குப் பின்னால். அடையாள அட்டையைக் கையில் பிடிக்கவேண்டும். பையைக் கொட்டிக் காட்டவேண்டும். கொண்டைக்குள் ஏதும் ஒளித்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள். மறுபக்கம் போய் பஸ்ஸில் ஏறவேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அப்படித்தான்.

"ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியோ?"

"அநேகமா."

"வேற மாதிரி ஒருநாள் இருந்ததோ?"

பிள்ளைகள் எப்படித்தான் சரியாகக் கேட்டுவிடுகிறார்கள்! அதையும் சொன்னேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டவுனில் தட்டெழுத்து வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மாதவிலக்கு நாள். அன்று நின்ற சீருடைப் பெண் என் பையிலிருந்த துணிகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக விரித்தாள். தடுப்புக்கு வெளியே இருந்த மேசையில், ஆண்களின் வரிசை போகும் பக்கத்தில், அவற்றைப் பரப்பி வைத்தாள். எடு என்று அவள் சொல்லும்வரை நான் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். என்னோடு தட்டெழுத்துப் படித்த ஒரு பொடியன் அந்த வரிசையில் வந்தான். என்னைப் பார்த்தான், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல பிள்ளை, அதனால்தான் திருப்பினான். அதற்குப் பிறகு நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் தலையிடி என்று சொன்னேன், பிறகு விருப்பமில்லை என்றேன்.

மகள் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்ப ஏன் சிரிச்சனீங்கள், அம்மா? ஏன் அந்த விடுதியில திரும்பச் செய்து காட்டினீங்கள்?"

"எல்லாரும் என்னைப் பாத்துச் சந்தோசப்பட்டாங்க" என்றேன்.

அதுதான் உண்மை. என் மகளிடம் அதைச் சொன்னதைப்போல வெட்கம் கெட்ட வேலை வேறொன்றும் இல்லை. மேசையில் பரப்பி வைத்த துணியைப்பற்றிச் சொல்வதுகூட இதைவிடச் சுலபமாக இருந்தது. அவள் அழத் தொடங்கினாள். "நான்தானே படம் எடுத்தன். நான்தானே சுவர் நிறையப் போட்டன்" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும், மகள்."

"நீங்கள் சொல்லேல்லையே. ஒருநாளும் சொல்லேல்லையே."

குளிருக்குள் நின்று, போகிற வருகிற ஆட்கள் பார்க்க, அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வேலையில், மருந்து அறைக்குள் தலைமைத் தாதி என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மகள் அவருக்கு எழுதியிருந்தாள். படத்தையும் வீடியோவையும் எல்லோரும் அழிக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள், ஏன் என்றும் சுருக்கமாகச் சொல்லியிருந்தாள்.

"எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது" என்றார் அவர். "இத்தனை வருடம் ஒன்றாக வேலை செய்கிறோம். நான் உங்களிடம் எதையுமே கேட்டதில்லை."

"இல்லை, இல்லை. நானும் சிரித்தேனே."

"நீங்கள் சிரித்தது வேறு."

"எனக்கு அது பிடித்திருந்தது" என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. மருந்துக் கிண்ணங்களை நேராக அடுக்கினார். என் மன்னிப்பை எதிர்பார்த்து நின்ற ஒருவருக்கு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரு அறையில் மணி அடித்தது. இருவரும் போய், படுக்கையில் இருந்த முதியவரைத் தூக்கி மறுபக்கம் திருப்பினோம்.

அன்று கணவர் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். "அந்த வீடியோவப் பாத்த உடன உங்களுக்குத் தெரிஞ்சதா?"

"ஓம்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்ல?"

"நீர் பகிடி எண்டு சொன்னனீர்" என்றார். "அங்கை அவ்வளவு சனத்துக்குள்ளை நிக்கிறீர். நான் என்னத்தைச் சொல்லுறது?" பிறகு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "நானும் உதே மாதிரித்தான் நிண்டிருப்பன்" என்றார்.

குழுவோடு மறுபடி நடக்கப் போவதா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். கடைசியில் போனேன். தச்சர் முதலில் என்னைப் பார்க்காமல் நடந்தார். பாதி வழியில் பக்கத்தில் வந்து, மரத்தில் எந்தப் பக்கம் பாசி அதிகம் பிடிக்கும் என்று நெடுநேரம் விளக்கினார். அதுதான் அவருடைய மன்னிப்பு. இப்போது என்னை யாரும் நடிகை என்று சொல்வதில்லை. எல்லோரும் என்னோடு கவனமாகப் பேசுகிறார்கள், என் முன்னால் சத்தமாகச் சிரிப்பதற்கு யோசிக்கிறார்கள். யப்பானில் மேசையைத் தட்டி என்னைக் கூப்பிட்ட அந்தச் சத்தத்தை நான் சில நாள் தேடுகிறேன். அதைத் தேடுவதற்கும் வெட்கப்படுகிறேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் என் கையைப் பிடித்த அந்த அக்கா காட்டு வாசலில் வந்து நின்றாள். என் மகள் தேடிப் பிடித்து அழைத்திருக்கிறாள். வழுக்குகிற பனிக்குக் கொஞ்சமும் பொருந்தாத பாதணி. மகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

கொஞ்சத் தூரம் போனபின் அவள் கேட்டாள். "அந்த யப்பான் றோட்டில சீட்டு இல்லாத பொம்பிளையள் என்ன செய்தாளுகளாம்?"

அதை மகள் திரும்பி வந்தபிறகு தேடி வாசித்திருந்தாள். "சில பேர் சாவடிக்குக் கிட்டப் போகாமல், மலைக்குள்ளை சின்னப் பாதையளால சுத்திப் போனவையாம், ஆன்ரி. ஊர்ச்சனம் வழி காட்டுமாம். அது பெரிய குற்றமாம், பிடிபட்டால் மரண தண்டனைகூட இருந்ததாம்."

"பிடிபட்டாளுகளா?"

"சில பேர் பிடிபட்டினம். பிடிபடாத ஆக்களைப் பற்றி எழுதி இருக்காதே."

அந்த அக்கா நின்று மூச்சு வாங்கினாள். "நல்லம்" என்றாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, சரிவில் அடுத்த காலை வைத்தாள்.